நாரை பதில் சொல்லும் பாட்டு

மும்பை மாட்டுங்காவில் என்னை அறிந்தவர்கள், ஒரு கார்ட்டூன் படத்தைப் பற்றி நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் சபாவில் பாடகர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் நெடுங்காலம் இருந்தவன் நான். தாளம் தப்பும் பாடகருக்கு மறு ஆண்டு அழைப்புப் போகாது என்ற பெயர் எனக்கு உண்டு. அந்தப் பெயரை நான் மறுத்ததும் இல்லை, குறைத்துக்கொள்ள முயன்றதும் இல்லை. ஆங்கில இலக்கியம் படித்து, ஒரு கப்பல் நிறுவனத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றேன். பொது இடத்தில் உரக்கச் சிரிப்பதைக்கூடத் தவிர்ப்பது என் வழக்கம். ஆயினும் சென்ற தை மாதம் என் மகனின் திருமணம் குறித்து நான் ஒரு சொல் சொல்ல வேண்டியிருந்த வேளையில், இந்தப் படம் நடுவில் வந்து நின்றது. அதற்கு உரிய மரியாதையை எழுத்தில் செய்துவிடுவது முறை என்று கருதுகிறேன்.

படத்தின் பெயரை எழுதப் போவதில்லை. பெயரைச் சொன்ன மாத்திரத்தில் "ஓ, அந்தக் குழந்தைப் படமா" என்று பலர் மூடி வைத்துவிடுவார்கள். குழந்தைகளுக்கு எழுதப்பட்ட ஒரு மெல்லிய புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்ட படம்தான் அது. ஆனால் குழந்தைகளுக்கு மட்டுமான படம் அன்று.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஆங்கிலப் படங்களைக் குறைந்த கட்டணத்தில் காட்டுவார்கள். வீட்டில் ஹிந்திப் படத்துக்கு அனுமதி இல்லை. ஆங்கிலப் படம் என்றால் மொழி வளரும் என்று என் தந்தையார் நம்பினார். அப்படித்தான் போனேன். திரை விலகியதும் ஒரு சதுப்பு நிலம் தெரிந்தது. அதன் மேல் விடியலுக்கு முந்தைய சாம்பல் நிறம். ஒரு தவளை கொட்டாவி விட்டது. என்னைச் சுற்றிலும் பள்ளிக் குழந்தைகளும் அவர்களை அழைத்து வந்த தாய்மார்களும். கஞ்சி போட்ட சட்டையுடன் நடுவில் அமர்ந்திருந்த நான் எழுந்து போய்விடத்தான் நினைத்தேன். அதற்குள் அந்த நாரை நடந்து வந்தது.

அந்த நடையை எப்படி விவரிப்பது? ஒரு காலை நீரிலிருந்து தூக்கும், தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும்வரை அப்படியே நிற்கும், தீர்மானித்த பிறகும் ஒரு கணம் தாமதிக்கும், பிறகே வைக்கும். காலிலிருந்து சொட்டும் துளி நீரில் விழ, அந்த வட்டம் விரிந்து அடங்கும்வரை மறுகால் அசையாது. எவரோ ஒருவர் ஒவ்வொரு தாளாகக் கையால் வரைந்த நடை அது. அவசரப்பட்டிருந்தால் அந்தத் தாமதத்தைக் குறைத்திருக்கலாம், வேலை மிச்சமாகியிருக்கும். குறைக்கவில்லை. நான் எழுந்திருக்கவில்லை.

கதை எளியது. சதுப்பு நிலத்துத் தவளைகள் அந்தி நேரத்தில் கூடிப் பாடுகின்றன. அவற்றைத் தின்பதற்காக நாரை வருகிறது. மூலப் புத்தகத்தைப் பின்னர் எங்கள் கல்லூரி நூலகத்தில் தேடி எடுத்துப் படித்தேன். அதில் நாரை வெறும் ஆபத்து. வருகிறது, ஏமாற்றப்படுகிறது, பறந்துபோகிறது. புத்தகத்தை எழுதிய அம்மையாருக்கு நாரையின்பால் எந்த அக்கறையும் இல்லை. படம் எடுத்தவர்கள் அந்த நாரைக்குக் காது கொடுத்தார்கள். தின்ன வந்தது பாட்டைக் கேட்டு நின்றுவிடுகிறது. மறுநாளும் வருகிறது. எதற்காக வருகிறோம் என்று அதற்கே தெரியவில்லை. மூலத்துக்கு விசுவாசமாக இருப்பது ஒரு வகை. மூலம் கவனிக்காமல் விட்ட ஒரு ஜீவனைக் கவனிப்பது அதனினும் மேலான விசுவாசம் என்று அன்றுதான் எனக்குத் தோன்றியது.

பாட்டுகளைப் பற்றிச் சொல்ல எனக்குச் சிறிது தகுதி உண்டு. நம் படங்களில் பாட்டு வரும்போது கதை ஓய்வெடுத்துக்கொள்ளும். இந்தப் படத்தில் எந்தப் பாட்டும் தொடங்கிய இடத்தில் முடிவதில்லை. பாட்டு முடியும்போது எவரேனும் ஒருவர் மாறியிருப்பார். அவற்றுள் சிறந்தது, தவளைக் குஞ்சு கேட்க, நாரை பதில் சொல்லும் பாட்டு. மங்கிய வெளிச்சத்தில் குஞ்சுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. "யார் அங்கே, ஒற்றைக் காலில்?" என்று பாடுகிறது. உடனே பதில் வராது. வாத்தியங்கள் அனைத்தும் நின்றுவிடும். நீர்ச் சத்தம் மட்டும் கேட்கும். தாளம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். கேட்பவன்தான் அதை எண்ணிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு, நாம் எதிர்பார்க்கும் இடம் சற்றுத் தள்ளிப்போய், தாழ்ந்த குரலில் நாரை எடுக்கும்: "யாருமில்லை, நாணல்தான்."

குஞ்சு மறுபடி கேட்கும். மறுபடி அந்த மௌனம். மறுபடி, "நாணல்தான்." மூன்றாம் முறை கேட்கும்போது மௌனம் முன்னைவிட நீளும். நாரை கழுத்தை வளைத்துத் தன் நிழலைப் பார்க்கும். பார்த்தபடியே, "நான்தான், நாரை. எனக்குப் பசியில்லை" என்று பாடும். நம் பல்லவியில் எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், தள்ளி அமைந்திருந்தால், பாடுகிறவர் அந்த வெற்றிடத்துக்குக் கையால் தாளம் போட்டபடி காத்திருப்பாரே, அதே நேர்மை. பெரிய வித்வான்கள் பலரிடம் நான் காணாத பொறுமையை அந்த நாரையிடம் கண்டேன். எந்தச் சபாவிலும் இதை நான் சொன்னதில்லை.

பிறகு ஞாயிறு காலைகளில் அந்தப் படம் வந்தபோதெல்லாம் போனேன். வேலைக்குச் சேர்ந்து, திருமணமாகி, மகன் பிறந்தபின் அதன் வீடியோ கேசட்டை வாங்கினேன். குழந்தையின் ஆங்கிலத்துக்காக என்று வீட்டில் சொன்னேன். அவனுக்கு அதில் ஈடுபாடு பிறக்கவில்லை. அவன் கார்களை மோதவிட்டு விளையாடச் சென்றுவிடுவான். கேசட்டை நிறுத்துவது வீண் என்பதால் நான் பார்த்து முடிப்பேன். இப்போது கைப்பேசியில் இருக்கிறது. மாலை நடையின்போது ஃபைவ் கார்டன்ஸ் பூங்கா பெஞ்சில் அமர்ந்து காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். சபா நண்பர் ஒருவர் ஒருநாள் அருகில் வந்து, "கண்ணை மூடிண்டு அப்படியே லயிச்சுட்டேளே, என்ன ராகம் ஓடறது?" என்று வினவினார். "சஹானாவின் சாயல்" என்றேன். அது பொய்யன்று. நாரையின் இரண்டாம் வரியில் அந்தச் சாயல் உண்மையிலேயே உண்டு.

இனி மகனின் விஷயம். தன்னுடன் வேலை பார்க்கும் பெண்ணைத் திருமணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னான். பெண்ணின் வீடு தாராவியில். தந்தை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, பயணப்பெட்டிகள் தைக்கும் சிறு பட்டறை, கார்கானா என்பார்கள், வைத்திருப்பவர். எங்களவர் அல்லர். கிங்ஸ் சர்க்கிளில் காய் வாங்கப் போனால்கூட நாலு பேர் நின்று விசாரிக்கும் வாழ்க்கை என்னுடையது. "சம்பந்தி எங்கே இருக்கார்?" என்ற முதல் கேள்விக்கே நான் தயங்க நேரும். அந்தத் தயக்கத்தை நான் விரும்பவில்லை. இதை மறைத்து எழுதுவதில் பொருளில்லை.

மகன் குரலை உயர்த்தவில்லை. "அப்பா, நீங்க வேண்டாம்னா பண்ணிக்க மாட்டேன். வேற யாரையும் பண்ணிக்க மாட்டேன். கோர்ட்டு, கையெழுத்து, அதெல்லாம் கிடையாது. உங்க வாயால வரணும்" என்றான். அவனுக்கு முப்பது கடந்துவிட்டது. சொன்னால் செய்கிறவன். பெண்ணைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

செம்பூரிலிருந்து என் அக்கா வந்தாள். எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணையும் அவள் பார்க்காமல் முடித்ததில்லை. "பார்க்கறதுன்னா முறையாப் பார்க்கணும். உக்கார வெச்சு, ஒரு பாட்டுப் பாடச் சொல்லி, எல்லாம். நம்மாத்துக்கு வர பொண்ணு பாடாம வந்ததே இல்லை" என்றாள். பாடச் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியப்போகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பாட்டு இல்லை என்றால், "ஆத்துக்குப் போய்க் கலந்து பேசிச் சொல்லியனுப்பறோம்" என்று சொல்லி எழுந்துவிடலாம். எங்கள் பக்கத்தில் அந்த வாக்கியத்துக்கு ஒரே பொருள்தான். யார் மனமும் வெளிப்படையாகப் புண்படாது.

ஒரு ஞாயிறு பிற்பகல், என் மனைவி, அக்கா, மகன், நான் ஆகிய நால்வரும் டாக்சியில் போனோம். மாடியில் வீடு, கீழே கார்கானா. விடுமுறையாதலால் இயந்திரங்களை மூடி வைத்திருந்தார்கள். வீடு சிறியது, துடைத்து வைத்தாற்போலச் சுத்தம். பெண்ணின் தந்தை படியிறங்கி வந்து எதிர்கொண்டார். "வாங்கய்யா, வாங்கம்மா, பாத்து ஏறுங்க, கடைசிப் படி கொஞ்சம் ஒசரம்" என்று அக்காவுக்குக் கை நீட்டினார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

முந்திரிக்கொத்தும் காப்பியும் வந்தன. பெண் நீலப் பட்டுப் புடவையில் வந்து வணங்கி, தாயின் பக்கத்தில் பாயில் அமர்ந்தாள். அக்கா படிப்பு, வேலை, நட்சத்திரம் என்று கேட்டுக்கொண்டே வந்து, நான் எதிர்பார்த்த இடத்துக்கு வந்தாள்.

"ஒரு பாட்டுப் பாடேம்மா. என் தம்பி சங்கீதத்துல ரொம்ப விஷயம் தெரிஞ்சவன்."

பெண்ணின் தந்தை சிரித்துச் சமாளித்தார். "எங்க வீட்ல பாட்டுன்னா கோயில் கொடை விழாவுக்கு மைக் செட்டு போடுறதோட சரிங்கம்மா. கேக்குறதுக்குத்தான் நாங்க."

"சும்மா ரெண்டு வரி. என்ன தெரியறதோ அது. ஸ்வாமி பாட்டுகூடத் தெரியாமலா இருக்கும்?"

மகன் நிமிர்ந்து, "அத்தை, அதெல்லாம் எதுக்கு?" என்றான்.

"நீ சும்மா இருடா. பாடினா முத்து உதிர்ந்துடுமோ?"

பெண்ணின் தாய் மகளின் முழங்கையைத் தொட்டாள். "ஏளா, ஸ்கூல் ஆண்டு விழாவுல படிச்சியே, அந்தத் தவளப் பாட்டு. அதயே படியேன். நல்லாத்தான படிப்ப."

"எம்மா, இங்கயா? அது இங்கிலீஷ் பாட்டும்மா. சின்னப் புள்ளைங்க பாட்டு."

"தவளையா?" என்றாள் அக்கா. புடவைத் தலைப்பால் வாயை ஒற்றிக்கொண்டாள். "பாடட்டும், பாடட்டும். அதையும் கேட்டுடலாம்."

பெண் ஒரு முறை என் மகனைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் தாழ்த்தி, தயக்கமில்லாத குரலில் எடுத்தாள். பயிற்சி பெற்ற குரல் அன்று. ஆனால் சுருதி நின்றது. முதல் சொல்லிலேயே எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. *யார் அங்கே, ஒற்றைக் காலில்?*

பாடியவள் நிறுத்தினாள்.

அறை காத்திருந்தது. ஒரு விநாடி, இன்னும் சில விநாடி. பெண்ணின் தந்தை நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அக்கா என் பக்கம் திரும்பி, அவர்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்: "மறந்துடுத்து போலிருக்கு. பாவம்."

பெண்ணின் முகம் சிவந்திருந்தது. அவள் மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவளுடைய வலக்கை முழங்காலின் மேல், புடவை மடிப்பின் மறைவில், ஆள்காட்டி விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பள்ளியில் அவளுக்குக் கிடைத்தது தவளையின் பங்கு. நாரையாக வேறொரு குழந்தை நின்றிருக்கும். அவள் நாரையின் வரியை விழுங்கவும் இல்லை, தானே பாடி நிரப்பவும் இல்லை. அதற்குரிய காலத்தை முழுதாக விட்டுவிட்டு, சரியான இடத்தில் மறுபடி எடுத்தாள்.

*யார் அங்கே, ஒற்றைக் காலில்?*

மறுபடி மௌனம்.

"என்ன இது, ஒரே வரியா?" என்றாள் அக்கா. "போறும்மா, கஷ்டப்படுத்திக்காதே. வராததை வரவழைக்க முடியுமா?"

மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொல்ல வைத்திருந்த வாக்கியத்துக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் வாய்க்காது. எழுந்து, துண்டைச் சரிசெய்துகொண்டு, அதைச் சொல்லியிருந்தால் எல்லாம் முறைப்படி முடிந்திருக்கும்.

ஆனால் அந்த விரல் இன்னும் நிற்கவில்லை. மேடையேறிய இளைஞர்கள் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். முன்வரிசையில் ஒருவர் உதட்டைப் பிதுக்கினால் போதும், காலப்பிரமாணம் தப்பித் தாளம் ஓடத் தொடங்கிவிடும். இங்கே என் அக்கா முகத்துக்கு நேரே நகைத்தாள். அவளுடைய வாழ்க்கையே அந்தப் பாயின் மேல் கிடந்தது. அப்படியும் அந்தப் பெண் வெறும் மௌனத்தைத் தாளம் பிசகாமல் தாங்கிக்கொண்டிருந்தாள். இதைத் தேர்வு என்று வைத்திருந்தால், நான் இதுவரை வைத்த எந்தத் தேர்விலும் இப்படி ஒருவரும் தேறியதில்லை.

என் மனைவி என் பக்கம் சாய்ந்தாள். குளியலறையில் நான் எதைப் பாடுகிறேன் என்பது முப்பது வருஷத்துக்கும் மேலாக அவளுக்குத் தெரியும். ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. இப்போது, உதடு அசையாமல் சொன்னாள்:

"ஏன்னா, அடுத்த இடைவெளிதான் பெரிசு. தயாரா இருங்கோ."

மூன்றாம் முறை அவள் கேட்டாள். வாத்தியம் இல்லை. தெருவில் ஒரு ஸ்கூட்டர் முனகிப் போயிற்று. நான் எண்ணினேன். அக்கா, "சரி, நாம கிளம்ப—" என்று தொடங்கினாள். நான் எடுத்தேன்.

ஒரு வீட்டுக் கூடத்தில், அன்னியர் முன்னிலையில், ஆங்கிலத்தில், ஒரு நாரையின் வரியைப் பாடினேன். தமிழில் சொன்னால்: *நான்தான், நாரை. எனக்குப் பசியில்லை.* குரல் முதலில் கரகரத்து, பின் படிந்தது. பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தாள், ஆனால் நிறுத்தவில்லை. அடுத்த வரி தவளைக் குஞ்சினுடையது, அதைப் பிடித்துக்கொண்டாள். நான் அடுத்ததை. இறுதி வரியை இருவரும் சேர்ந்து பாட வேண்டும், பாடினோம்.

பெண்ணின் தந்தைதான் முதலில் வாய் திறந்தார். "அய்யா, இது... ரெண்டு பேரு படிக்கிற பாட்டா?"

"ஆம்" என்றேன். "உங்கள் மகள் எதையும் மறக்கவில்லை. மற்றவருக்குரிய இடத்தை விட்டுவைத்துப் பாடினாள்."

"டேய்" என்றாள் அக்கா. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "நீயா?" என்றாள்.

"நான்தான்" என்றேன். பிறகு பெண்ணின் தந்தையிடம் திரும்பி, நிச்சயதார்த்தத்தை எங்கே வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம் என்று கேட்டேன். அவருக்கு அது விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் எழுந்து, துண்டு இல்லாத தோளில் துண்டைத் தேடினார். பெண்ணின் தாய் உள்ளே போய்விட்டாள். பாத்திரம் ஒன்று விழும் ஓசையும் சிரிப்பும் சேர்ந்து கேட்டன. என் மகன் அப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் கழுத்தின் பின்புறம் சிவந்துவிட்டது. சிறு வயதில் பரிசு வாங்கும்போதும் அவனுக்கு அப்படித்தான் ஆகும்.

புறப்படும்போது பெண் படிக்கட்டு வரை வந்தாள். ஏதோ சொல்லத் தயங்குவது தெரிந்தது.

"சொல்லம்மா."

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ரொம்ப நல்லாப் பாடுனீங்க. ஆனா அந்த மூணாவது இடத்துல கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டீங்க. நாரை நிழலப் பாக்கும்ல, அது முடியணும். தாளத்துல இன்னும் ரெண்டு அடி இருக்கு."

"இல்லை" என்றேன். "நிழலைப் பார்க்கும்போதே குரல் தொடங்கிவிடும். கழுத்து மறுபடி திரும்புவதற்கு முன்பே."

"திரும்புன பொறவுதான் அங்கிள். நான் எத்தன தடவ பாத்திருக்கேன்."

"நீ பிறப்பதற்கு முன்னிருந்தே நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

"எங்க டீச்சரும் அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க."

"உங்கள் டீச்சர் எந்தப் பிரதியைப் பார்த்தார் என்று கேள்."

என் மகன் நடுவில் வந்து, "அப்பா, வீட்டுல போட்டுப் பாத்துக்கலாம்பா" என்றான். அவன் சிரிப்பதை நான் வெகுநாட்களுக்குப் பின் பார்த்தேன். கீழே டாக்சியின் சன்னல் வழியாக அக்காவின் குரல் வந்தது: "மீட்டர் ஓடிண்டிருக்குடா! கல்யாணத்துக்கு அப்பறம் சண்டை போட்டுக்கலாம், இப்போ வா!"

வீட்டில் போட்டுப் பார்த்தோம். நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய வாரம் அந்தப் பெண் வந்திருந்தபோது, நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். கழுத்து திரும்பத் தொடங்கும் கணத்தை எது என்று கொள்வது என்பதில் அவளுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.